பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் ஒரு கட்டியை வரைந்து பார்க்கட்டும்

மகள் ரேடியாலஜி டெக்னாலஜி கடைசி ஆண்டு. மூளை அறுவை சிகிச்சைத் திட்டமிடலுக்கான 3டி மென்பொருள் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாதம் பொறுங்கள். அடிப்படையைக் கற்க ஒரு பைசா செலவில்லை.

'3டி ஸ்லைசர்', ஸ்கேன் படங்களிலிருந்து உறுப்பையும் கட்டியையும் 3டி உருவமாக வரைந்தெடுக்க உதவும் இலவச மென்பொருள். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து 1998-ல் தொடங்கியது. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும்தான், அதை வைத்து நேரடியாக நோயாளிக்கு சிகிச்சை முடிவு எடுக்க அங்கீகாரம் கிடையாது. 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும், 16 இருந்தால் திணறாது.

அதிலேயே 'சாம்பிள் டேட்டா' பகுதியில் மூளைக்கட்டி எம்ஆர்ஐ இருக்கிறது. அதை இறக்கி, வரையும் கருவிகள் உள்ள 'செக்மென்ட் எடிட்டர்' திறந்து, முதலில் குறிப்பிட்ட அளவு வெளிச்சமாகத் தெரிவதையெல்லாம் மொத்தமாக எடுக்கும் 'த்ரெஷோல்ட்' போட்டுப் பார்க்கட்டும். கட்டியோடு ரத்தக்குழாய், தலைத்தோலின் கொழுப்பு எல்லாம் சேர்ந்தே வரும். கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி போட்டு எடுத்த படத்தில் இவை எல்லாமே வெள்ளைதானே! எனவே அடுத்து 'குரோ ஃப்ரம் சீட்ஸ்': நாம் தீட்டும் சில கோடுகளிலிருந்து மென்பொருளே எல்லை வரை வளர்த்தெடுக்கும் கருவி. கட்டிக்குள் ஒரு நிறம், சுற்றியுள்ள திசுவில் இன்னொரு நிறம். மூன்று தளங்களிலும் (குறுக்கு, பக்கவாட்டு, முன்பக்க வெட்டு) சில கோடுகள். ஒரே நிறம் மட்டும் போட்டால் வேலை செய்யாது. எல்லை கசிந்தால் அங்கே சுற்றுத்திசு நிறத்தைக் கூடுதலாகத் தீட்ட வேண்டும். முடித்ததும் கன அளவைக் குறித்துக்கொள்ளட்டும். இரண்டு நாள் கழித்துப் பழையதைப் பார்க்காமல் மறுபடி வரையட்டும். இரண்டு எண்களும் வெகுவாக விலகினால் கை இன்னும் பழகவில்லை.

தப்புகள் பெரும்பாலும் மவுசில் வருவதில்லை, ஸ்கேனில் வருகின்றன. ஒவ்வொரு வெட்டும் 5 மி.மீ. தடிமனில் எடுத்த படத்தை 3டி ஆக்கினால் கட்டி படிக்கட்டு மாதிரி நிற்கும். 'ஸ்மூத்திங்' போட்டால் அழகாகிவிடும், உண்மையாகாது. நேவிகேஷனுக்கு (அறுவையின்போது கருவி மூளையில் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் முறை) 1 மி.மீ. அளவில், இடைவெளி இல்லாமல், மூக்கும் காதும் வெட்டுப்படாமல் எடுத்திருக்க வேண்டும். இதைப் பார்த்ததும் சொல்லத் தெரிவதில்தான் உங்கள் மகளின் படிப்பு கைகொடுக்கும். கம்ப்யூட்டர் மட்டும் படித்தவருக்கு இது சட்டென்று பிடிபடாது.

இன்னொன்று இடம் வலம். குறுக்குவெட்டுப் படத்தில் நோயாளியின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கம் இருக்கும். மாடலை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது அச்சுக்குறி (இட-வல, முன்-பின் திசைகளுக்கான கூட்டல், கழித்தல் குறி) மாறினால் கட்டி இடம் பெயர்ந்து நிற்கும். ஏற்றுமதி செய்த பிறகு ஒவ்வொரு முறையும் மூலப்படத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். நரம்புநார்ப் பாதை வரையும்போது, கட்டியைச் சுற்றி நீர்கோத்த இடத்தில் நார் அறுந்த மாதிரி தெரியலாம். அங்கே நார் இல்லை என்று அர்த்தமல்ல.

மருத்துவமனை ஸ்கேனை பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவர மட்டும் விடாதீர்கள். பெயரை அழித்தாலும், தலை எம்ஆர்ஐயிலிருந்து முகத்தையே 3டியில் எடுத்துவிடலாம்.

இத்தனையும் செய்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் பயிற்சி நிறுவனத்துக்குப் போங்கள். அங்கே கேட்க வேண்டியது இது: ஸ்கேனர் தரும் அசல் படக்கோப்பான மூல டைகாம் கோப்பைக் கையில் கொடுத்து மாணவரையே வரையச் சொல்வீர்களா, வரைந்ததைத் திருத்த ரேடியாலஜிஸ்ட் உட்காருவாரா? சான்றிதழைப் பற்றி மட்டுமே பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.