அடிமரம் சுருங்கினா உடன தண்ணி விடோணுமோ?

கேள்வி: அண்ணை, நான் வெள்ளவத்தையில இருக்கிறன், வவுனியாவில எங்கட காணியில கறுத்தக்கொழும்பான் மாவும் கொஞ்சம் தேசியும் நிக்குது, சொட்டுச் சொட்டா தண்ணி விடுற டிரிப் போட்டிருக்கு. அடிமரம் சுருங்கிறதை அளக்கிற சென்சர் பூட்டினா மரத்துக்கு எப்ப தண்ணி தேவையெண்டு காட்டுமாம், உண்மையோ? வாங்கலாமோ?

பதில்: உண்மைதான் தம்பி, ஆனா ஒரு நம்பரைப் பாத்திட்டு வால்வைத் திறக்கிற அளவுக்கு லேசான விசயமில்ல.

வெயில் ஏற ஏற இலை விடுற தண்ணிக்கு வேரால ஈடு குடுக்க ஏலாது, அப்ப மரம் பட்டைக்குள்ள இருக்கிற மெத்தையான பகுதியில இருந்து தண்ணியை உறிஞ்சும், அதால அடிமரம் மெலியும், பின்னேரம் ரெண்டு மூண்டு மணிபோல ஆகக் குறைவா இருக்கும், இரவு திரும்ப ஊறி விடியக்காலமை ஆகப் பருத்து நிக்கும். இது நல்லா தண்ணி கிடைக்கிற மரத்திலயும் ஒவ்வொரு நாளும் நடக்கும். அளவு மில்லிமீற்றரில பத்தில ஒரு பங்கு அப்பிடித்தான், டேப் பிடிச்சுப் பாக்கிற வேலையில்ல.

தண்ணி குறையத் தொடங்கினா பகல் சுருக்கம் கூடும். ஆனா நிலத்தில ஈரம் இருந்தாலும் சோளகக் காத்து அடிக்கிற நாளில அதே மாதிரிக் கூடும், காத்து காய்ஞ்சு கிடந்தா இலை கூடுதலாத் தண்ணி விடும்தானே. அதால ஒரு மரத்துக்கு மட்டும் குறையில்லாம தண்ணி விட்டு அதையும் அளவுங்கோ. உதாரணத்துக்கு அந்த மரம் 0.10 மி.மீ சுருங்கேக்க மற்றது 0.15 எண்டா ஒண்டரை மடங்கு, மூண்டு நாலு நாள் அப்பிடியே நிண்டா தண்ணி காணாது. ரெண்டும் சேந்து கூடினா அது வெயிலின்ர வேலை, தண்ணி கூட்ட வேண்டாம்.

கனபேர் பிழைக்கிற இடம் இதுதான்: வாட்டம் கடுமையாப் போனா சுருக்கம் திரும்பக் குறையும். தண்ணி ஆவியாப் போற சின்னத் துளையளை இலை மூடிடும், பட்டையிலயும் எடுக்க ஒண்டுமில்ல. நம்பரைப் பாத்தா மரம் தேறிட்டுது எண்டு நினைப்பீங்கள். அதால நான் முதல் பாக்கிறது விடியக்காலமை அளவைத்தான். நேற்றையதை விட இண்டைக்கு குறைவு, நாளைக்கு இன்னும் குறைவு எண்டு இறங்கினா மரம் இரவிலயும் மீளேல்ல, யோசிக்காம தண்ணி விடுங்கோ. தேசிக் கண்டுகள் சின்னனா இருந்தா அதுகளுக்கு இந்த விடிய அளவு நாளுக்கு நாள் ஏறுதோ எண்டதுதான் நல்ல கணக்கு. காய் நிறைஞ்ச மரம் எப்பிடியும் பருக்கிறது குறைவு, அதுக்குப் பயப்பட வேண்டாம். மழை பெஞ்ச நாள் ரீடிங்கை விட்டிடுங்கோ, செத்த பட்டை நனைஞ்சு ஊதும்.

விலையான சென்சர் இப்ப வேண்டாம். இஞ்சின் வேலை செய்யிறவை பாவிக்கிற 0.01 மி.மீ வரைக்கும் ஊசியால காட்டுற டயல் கேஜ் ஒண்டு, பஞ்சிகாவத்தைப் பக்கம் விசாரிச்சுப் பாருங்கோ. செத்த பட்டையை மட்டும் மெல்லச் சுரண்டிப்போட்டு, மரத்தைச் சுத்தி ஒரு பிரேம் அடிச்சுப் பூட்டோணும், பால் வடியிற அளவுக்கு தோண்டக்கூடாது. பிரேமில வெயில் படவே கூடாது: 20 சென்ரிமீற்றர் இரும்பு 10 பாகை சூடேறினா 0.02 மி.மீ நீளும், கேஜில அது மரம் சுருங்கின மாதிரித்தான் விழும். அலுமினியம் எண்டா அதிலயும் இரட்டிப்பு. காணியில நிக்கிறவர் விடிய ஆறு மணிக்கும் பின்னேரம் மூண்டுக்கும் கேஜைப் படமெடுத்து வட்ஸ்அப்பில போட்டாக் காணும், நீங்கள் கொழும்பில இருந்தே கணக்குப் பாக்கலாம். ஒரு கோடை இப்பிடி ஓட்டிப் பாத்திட்டு பிறகு சென்சருக்கு காசு போடுங்கோ.

ஒண்டு, மா பூக்கிறதுக்கு முந்தி கொஞ்சம் வாட வேணும், தேசியும் அப்பிடித்தான். அந்த நேரத்தில கேஜ் என்ன சொன்னாலும் தண்ணியை அள்ளி விட்டீங்களெண்டா பூவுக்குப் பதிலா கொழுந்துதான் தள்ளும்.