நான்கறை வீடும் பத்துப் பாட்டும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 28 வயது. சிங்கப்பூர் ஈசூனில் அப்பா, அம்மா, தங்கையோடு இருக்கிறேன். நானும் என் காதலரும் சேர்ந்து தெங்காவில் ஒரு நான்கறை பிடிஓ வீடு, அதாவது பதிந்தபின் அரசு கட்டித் தரும் வீடு, பதிந்திருந்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பிரிந்துவிட்டோம். அவர்தான் வேண்டாம் என்றார். கட்டிய பணம் போய்விட்டது, வீட்டில் அதே பேச்சு. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எம்ஆர்டி ரயிலில் யென்ஸ் லெக்மனின் 'ஐ நோ வாட் லவ் இஸ்ன்ட்' ஆல்பம்தான் கேட்கிறேன். அதிலும் ஏழாவது பாட்டு, திரும்பத் திரும்ப. "சோகப் பாட்டு கேட்டு மனசை இன்னும் கெடுத்துக்கொள்கிறாய்" என்கிறாள் தங்கை. நம் சினிமா சோகப் பாட்டு எதுவும் இப்போது ஒட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை. இதையும் நிறுத்திவிடவா?

ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த ஏழாவது பாட்டை மட்டும் சுற்றவிடுவதை விடுங்கள். முதல் பாட்டில் தொடங்கிப் பத்தாவது வரை, ஒன்றையும் தாண்டாமல், வரிசையாகக் கேளுங்கள்.

கேட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். லெக்மன் சுவீடன்காரர், கோத்தன்பர்க் ஊர். 2007ல் வந்த அவருடைய ஆல்பம் பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கோத்து, ஒலி நிரம்பி வழியும். 2012ல் வந்த இது அப்படியில்லை. பெரும்பாலும் பியானோ, கிட்டார், அங்கங்கே சாக்ஸபோன். ஒரு காதல் முறிந்தபின் எழுதிய பாட்டுகள். ஆனால் கதறல் கிடையாது.

சினிமாப் பாட்டு உங்களுக்கு ஒட்டாததில் ஆச்சரியமில்லை. அவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இரவில் ஒலி 96.8 வானொலியில் பழைய சோகப் பாட்டு ஒன்று வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டுக் கேட்கிற ஆள் நான். ஆனால் அவை ஒரு காட்சிக்காகப் பிறந்தவை. அவள் போய்விட்டாள், மழை கொட்டுகிறது, இவன் நடக்கிறான். துக்கம் உச்சத்தில் இருக்கும் ஐந்து நிமிடம். பாட்டு முடிந்தால் கதை அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். உங்களுக்கு அந்த உச்சம் முடிந்துவிட்டது. வேலைக்குப் போகிறீர்கள், மதியம் சாப்பிடுகிறீர்கள், ஈசூனில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறீர்கள். இந்த நாட்களுக்குச் சினிமாவில் பாட்டு வைப்பதில்லை. லெக்மன் ஒரு ஆல்பம் முழுக்க இந்த நாட்களைத்தான் பாடியிருக்கிறார்.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கல்யாணத்துக்கு முன்பே இங்கே வீடு வந்துவிடுகிறது. "பிடிஓ போடலாமா" என்று கேட்டுவிட்டால் பல பேருக்கு அதுவே நிச்சயதார்த்தம். வீடு தேர்ந்தெடுக்க வரிசை எண் கிடைத்தபின் இருவரும் உட்கார்ந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக இணையத்தளத்தைத் திறந்து, எந்த புளோக்கில் இந்தியர்களுக்கான இன ஒதுக்கீடு இன்னும் மிச்சமிருக்கிறது, எத்தனையாவது மாடி, மாலை வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்ப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சமையலறைச் சுவரை எடுத்துவிடலாமா என்றுகூடப் பேசியிருப்பீர்கள். அப்புறம் அது முறியும்போது கணக்கு வந்து நிற்கிறது. நான்கறை வீட்டுக்கு முன்பதிவுப் பணம் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கையெழுத்துப் போட்டபிறகென்றால் விலையில் 5 விழுக்காடு போயிருக்கும். 500,000 வெள்ளி வீட்டுக்கு 25,000. "நல்லவேளை தப்பித்தாய்" என்று யாராவது ஆறுதலும் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு உங்கள்மேல் அன்பில்லாமல் இல்லை. தொகையைப் பற்றிப் பேச வாய் வருகிறது, மற்றதைப் பேச வருவதில்லை. நீங்கள் இழந்தது ஒரு மனிதரை. கூடவே, வெயில் படாத அந்த அறையில் வாழப்போகிறவளாக நினைத்து வைத்திருந்த உங்களையும்.

அதனால்தான் ஒன்பதாவது பாட்டை, ஆல்பத்துக்குப் பெயர் தந்த பாட்டை, சிங்கப்பூரில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும் என்பேன். குடியுரிமைக்காக ஒரு தோழியைப் பேருக்குக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறார் லெக்மன். காதல் எது என்று தெரியாவிட்டாலும், எது காதல் இல்லை என்று தெரிந்துகொண்டேன் என்பதுதான் அதன் சாரம். ஒரு விண்ணப்பப் படிவத்தில் இரண்டு பேர் பெயரை எழுதிப் பார்த்த உங்களுக்கு அது என்னைவிட நன்றாகப் புரியும்.

ஐந்தாவது பாட்டும் முக்கியம். அவளுக்கு இனி உன்னோடு இருக்க விருப்பமில்லை, தலைப்பே இதுதான். யார் தப்பு, என்னதான் நடந்தது என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பதில் தேடி நீங்களும் பழைய வாட்ஸ்அப் செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் படித்திருப்பீர்கள். அந்தத் தலைப்புக்கு மேல் ஒரு காரணமும் கிடைக்காமல் போகலாம். வலிக்கும். ஆனாலும் சுற்றி வளைக்காத பேச்சு அது.

சரி, உங்கள் ஏழாவது பாட்டு. லெக்மன் கொஞ்ச காலம் மெல்பர்னில் இருந்தவர். 2009 பிப்ரவரியின் வெயிலும் காட்டுத்தீயும் அந்தப் பாட்டில் வருகின்றன. அந்த மாதம் 7ஆம் தேதி மெல்பர்னில் 46.4 டிகிரி, விக்டோரியா மாநிலத் தீயில் 173 பேர் இறந்தார்கள். ஊரே எரியும்போது ஒருவன் தன் சொந்தத் துக்கத்தோடு இருக்கிறான், உலகம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உடைந்த மனத்திலிருந்து யாரும் மீள்வதில்லை, அதை நளினமாகச் சுமக்கப் பழகிக்கொள்கிறோம் என்று அதில் பாடுகிறார். உங்களைப் பிடித்து வைத்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். உண்மையான வார்த்தைதான். ஆனால் பாடியவரே அங்கே நிற்கவில்லை. எட்டாவதில், மனம் உடைவது உலகத்தின் முடிவு இல்லை, உலகத்தின் முடிவு காதலைவிடப் பெரியது என்கிறார். ஒன்பதாவதில் அந்தத் தோழி.

பிறகு பத்தாவது. ஆல்பத்தின் முதல் பாட்டு கொஞ்ச நேரம் ஒலிக்கும் பியானோ, அதில் பாடும் குரலே கிடையாது. பத்தாவதும் அதே பெயர், அதே மெட்டு. இந்த முறை அவர் பாடுகிறார்: உடம்பின் ஒவ்வொரு ரோமத்துக்கும் உன் பெயர் தெரியும் என்று. நடுவில் எட்டுப் பாட்டைக் கடந்தபிறகுதான் அந்த மெட்டுக்கு வார்த்தை வாய்க்கிறது. அவளை மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆரம்பத்தில் சொல்ல வராதது இப்போது சொல்ல வருகிறது. ஏழிலேயே நின்றால் இது உங்களுக்குக் கிடைக்காது.

தங்கையிடம் கோபப்படாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா