ஃப்ரீசர்ல 238 டிகிரியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, மதுரை கீழவாசல்ல எங்க மாமா ஜிகர்தண்டா கடை வச்சிருக்காரு. ராத்திரி கரண்ட் போயிப் போயி வருது, ஐஸ்கிரீம் உருகிருதான்னு பாக்க ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ல எல்எம்75ங்கிற சூடு அளக்கிற சென்சார மாட்டி பைத்தான்ல நானே புரோகிராம் எழுதுனேன். வெளிய வச்சா 31, 32ன்னு சரியா காட்டுது, ஃப்ரீசருக்குள்ள வச்சா 238ங்குது. சிப்பு போயிருச்சா? – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: சிப்புக்கு ஒண்ணும் ஆகல தம்பி. 256-லருந்து 238ஐ கழிங்க, 18 வரும். மாமா ஃப்ரீசர் மைனஸ் 18ல நல்லா ஓடிக்கிட்டு இருக்கு, ஐஸ்கிரீமுக்கு அம்புட்டு குளிர்தான் வேணும். எல்எம்75 ரெண்டு பைட்டா அனுப்பும், முத பைட்ல முழு டிகிரி, ரெண்டாவதோட மேல் பிட்ல அரை டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழ போனா டூஸ் காம்ப்ளிமென்ட்டா, அதாவது 256-லருந்து கழிச்ச நம்பரா மாத்தி அனுப்பும், நீங்க அதை சாதா நம்பரா படிச்சிருக்கீங்க அதான் 238. அரை டிகிரியும் வேணும்னு ரெண்டு பைட்டையும் ஒரே வேர்டா படிச்சீங்கன்னா அங்க இன்னொரு சிக்கல் காத்துக்கிட்டு இருக்கு, சிப்பு பெரிய பைட்ட முதல்ல அனுப்பும், அதைப் படிக்கிற எஸ்எம்பஸ்ங்கிற முறை சின்னதுதான் முதல்ல வரும்னு எடுத்துக்கும், 26.5 டிகிரிக்கு ஹெக்ஸ்ல 1ஏ80ன்னு வர வேண்டியது 801ஏன்னு தலைகீழா வந்து நிக்கும்.

இதையெல்லாம் நீங்க எழுதவே வேண்டாம்ங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. ராஸ்பெர்ரி பைல ஓடுற லினக்ஸோட மையமான கெர்னல்ல எல்எம்75ங்கிற பேர்லயே டிரைவர், அதாவது சிப்போட பேசுற புரோகிராம், பல வருஷமா இருக்கு, டிஎம்பி75, டிஎம்பி275, டிஎஸ்75, ஏடிடி75ன்னு அதே சாதி சிப்பு பலதுக்கும் அந்த ஒரே டிரைவர்தான், மைனஸு, பைட் வரிசை எல்லாத்தையும் அதுவே பாத்துக்குது. அப்புறம் ஏன் தானா வரலன்னா, யூஎஸ்பி பென்டிரைவ் சொருகுன உடனே நான் இன்னாருன்னு சொல்லிரும், உங்க சென்சார் மாட்டியிருக்கிற ஐ2சி பஸ்ல அந்தப் பேச்சே கிடையாது, பழைய எல்எம்75ல அடையாளம் சொல்ற ரிஜிஸ்டரே (சிப்புக்குள்ள நம்பர் வைக்கிற இடம்) இல்ல. அதனால எந்த சிப்பு எந்த அட்ரஸ்ல இருக்குன்னு நீங்கதான் கெர்னலுக்குச் சொல்லணும். பூட் கான்ஃபிக் ஃபைல்ல ஐ2சி-சென்சார் ஓவர்லே (என்ன சிப்பு மாட்டியிருக்குன்னு கெர்னலுக்குச் சொல்ற குறிப்பு) போட்டு, எல்எம்75, அட்ரஸ் ஹெக்ஸ் 48ன்னு ஒரே வரி எழுதுங்க. போர்டுல ஏ0, ஏ1, ஏ2ன்னு மூணு பின் இருக்கும், மூணும் கிரவுண்ட்ல இருந்தா 48, மாத்தி மாத்தி இணைச்சா 4எஃப் வரைக்கும் போகும், ஒரே பஸ்ல எட்டு ஃப்ரீசர் வரைக்கும் பாக்கலாம்.

ரீபூட் பண்ணிட்டு எந்த அட்ரஸ்ல சிப்பு இருக்குன்னு காட்டுற ஐ2சி டிடெக்ட் கமாண்ட ஓட்டுனா 48 இருந்த இடத்துல யூயூன்னு வரும், பயந்துராதீங்க, டிரைவர் சிப்ப கையில எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம். உங்க பழைய புரோகிராம ஓட்டுனா பிஸின்னு எரர் வரும், ஃபோர்ஸ் போட்டு உள்ள பூராதீங்க. டிரைவர் படிச்ச அளவ கெர்னல் காட்டுற ஹெச்டபிள்யூமான் ஃபோல்டர்ல டெம்ப்1 இன்புட்னு ஒரு ஃபைல் இருக்கும், அதைத் தொறந்தா -18000ன்னு நிக்கும். மில்லி டிகிரி கணக்கு, ஆயிரத்தால வகுத்துக்கங்க.

கேள்வி: சார், மேலூர் பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர் வச்சிருக்கேன். டிஎஸ்18பி20 சென்சார், ராஸ்பெர்ரி பை, ஹீட்டர ஆன், ஆஃப் பண்ற ரிலே, எல்லாம் என் தம்பி செஞ்சு குடுத்தான். 37.5ல நிக்கிறது திடீர்னு 85ன்னு காட்டி ஹீட்டர் ஆஃப் ஆயிருது. முட்டையெல்லாம் வீணாகிருமோன்னு பயமா இருக்கு. – வாசகி, மேலூர்

பதில்: பயப்படாதீங்கம்மா, ஆனா இன்னைக்கே சரி பண்ணிருங்க. அந்த 85 உங்க பெட்டியோட சூடே இல்ல. கரண்ட் வந்த உடனே அந்தச் சிப்பு தன் ரிஜிஸ்டர்ல எழுதி வச்சுக்கிற ஆரம்ப நம்பர் அது. 12 பிட்ல அளக்க அதுக்கு 750 மில்லி செகண்ட் வரைக்கும் ஆகும், அந்த நேரத்துல வோல்டேஜ் ஒரு சொடுக்கு இறங்குனாலும் சிப்பு மறுபடி மொதல்லருந்து ஆரம்பிச்சிரும், டிரைவர் வந்து படிக்கும்போது இருக்கிறது 85. இதுல மோசம் என்னன்னா டேட்டா பிசகாம வந்துச்சான்னு பாக்கிற சிஆர்சி சரியாத்தான் இருக்கும், ஃபைல்ல யெஸ்னுதான் வரும், ஏன்னா அந்த 85ஐ அது சரியாத்தானே அனுப்பியிருக்கு.

தம்பிகிட்ட மொதல்ல அந்த சென்சாரோட ஃபோல்டர்ல எக்ஸ்ட் பவர்ங்கிற ஃபைலைப் பாக்கச் சொல்லுங்க. 0ன்னு இருந்தா டேட்டா ஒயர்லருந்தே கரண்ட் திருடி ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், மூணாவது ஒயர 3.3 வோல்ட்ல குடுத்துருங்க. டேட்டாவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவுல 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கணும். ரிலேயும் ராஸ்பெர்ரி பையும் ஒரே சப்ளைல இருந்தா பிரிச்சிருங்க, ரிலே இழுக்கிற நேரத்துலதான் வோல்டேஜ் இறங்க வாய்ப்பு அதிகம். இந்தச் சென்சாரோட டபிள்யூ1 தெர்ம் டிரைவர்ல ஃபீச்சர்ஸ்னு இன்னொரு ஃபைல் இருக்கு, கெர்னல் புதுசா இருந்தா, அதுல 1ன்னு எழுதுனா இந்த மாதிரி பொய் 85 வந்தா நம்பருக்குப் பதிலா எரர் குடுத்துரும், நெசமான 85ஐத் தொடாது. எரர் வந்தா ஹீட்டர அணைக்காம ரெண்டு செகண்ட் கழிச்சு மறுபடி கேக்கணும், தொடர்ந்து எரர்னா அலாரம் அடிக்கணும், அதைப் புரோகிராம்ல கண்டிப்பா எழுதச் சொல்லுங்க. முட்டைக்குள்ள உசுரு இருக்கு, ஒரு தப்பு நம்பர நம்பி ஹீட்டர நிறுத்த விடாதீங்க.

கேள்வி: ரீபூட் பண்ணா ஹெச்டபிள்யூமான்2ல இருந்த என் சென்சார் ஹெச்டபிள்யூமான்1க்குப் போயிருது, புரோகிராம் வேற எதையோ படிக்குது. – திருமங்கலம் வாசகர்

பதில்: அந்த நம்பர் வர்ற வரிசைக்கு ஏத்த மாதிரி மாறத்தான் செய்யும். ஒவ்வொரு ஃபோல்டர்லயும் நேம்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல எல்எம்75ன்னு இருக்கிறத தேடி எடுக்கிற மாதிரி எழுதுங்க.

கேள்வி: சூடும் ஈரப்பதமும் அளக்கிற டிஹெச்டி22 சென்சாருக்கு லினக்ஸ்ல டிரைவர் உண்டா? – உசிலம்பட்டி வாசகர்

பதில்: உண்டு, பேரு டிஹெச்டி11, ரெண்டுக்கும் அதே டிரைவர்தான். ஆனா அது ஹெச்டபிள்யூமான்ல வராது, ஐஐஓங்கிற இன்னொரு சென்சார் ஃபோல்டர்ல தேடுங்க, ஈரப்பதமும் அங்கயே கிடைக்கும். அந்தச் சென்சார் பிட்டுக்குப் பிட்டு மைக்ரோ செகண்ட் கணக்குல பேசும், ராஸ்பெர்ரி பை வேற வேலைல இருந்தா தவறவிட்டுரும், அதனால அப்பப்ப எரர் வரும், ரெண்டு செகண்ட் விட்டு மறுபடி படிங்க.