55 அங்குல டிவியில் முகங்கள் பருத்துத் தெரிகின்றன. பேனலை மாற்றத்தான் வேண்டுமா?

புதிதாக வாங்கிய 55 அங்குல டிவியில் ஆட்கள் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவதாகவும், அடியில் ஓடும் செய்தி வரி பாதி வெட்டுப்படுவதாகவும், பேனல் பழுது என்று மெக்கானிக் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பேனலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள். திருமங்கலத்தில் எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. சித்திரைத் திருவிழா நேரலையில் கள்ளழகரின் தங்கக் குதிரை கால் குட்டையாக, வயிறு பெருத்துத் தெரிந்தபோது, "அழகரை இப்படியா காட்டுவாக?" என்று அம்மா மனம் பொறுக்காமல் கேட்டார்.

மறுநாள் தையல் டேப்பை எடுத்து, ஒரு சேனலின் வட்ட முத்திரையைத் திரையின் மேலேயே அளந்து பார்த்தேன். அகலம் 8 செ.மீ., உயரம் 6 செ.மீ. இருந்தது. 4:3 வடிவப் படத்தை (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) இன்றைய டிவிகளின் 16:9 திரை முழுவதற்கும் இழுத்தால் அகலம் மட்டும் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடும். 6 என்பது 8 ஆனது அதனால்தான். பேனல் கெட்டால் கோடு விழும், ஒரு பகுதி இருளும்; படம் முழுவதும் ஒரே கணக்கில் அகலாது. செல்போனில் எடுத்த படம் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு டிவியில் நேரடியாகப் பாருங்கள். அதில் முகம் சரியாக இருந்தால் பேனலில் குறையில்லை.

குறை பெரும்பாலும் கேபிள் செட்டாப் பெட்டியில்தான் இருக்கும். பழைய டிவிக்காக 4:3 என்று வைத்த அமைப்பை, டிவி மாறிய பிறகும் யாரும் தொடுவதில்லை. பெட்டியும் டிவியும் ஆளுக்கொரு பக்கம் படத்தின் வடிவத்தை மாற்றுவதால், டிவி ரிமோட்டை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் தீராது. முதலில் பெட்டியின் மெனுவில் திரை வடிவத்தை 16:9 என்று மாற்றுங்கள். அதன் பிறகு டிவியிலும் 16:9 வையுங்கள். மஞ்சள் பின் ஒயரில் ஹெச்டி படம் வராது என்பதால், பெட்டியில் ஹெச்டிஎம்ஐ இருந்தால் அந்த ஒயருக்கு மாறிவிடுங்கள்.

செய்தி வரி வெட்டுப்படுவது வேறு விஷயம். படக்குழாய் டிவிகளில் ஓரம் ஒழுங்காக இராது என்பதால் விளிம்பைச் சற்று மறைத்தே காட்டுவார்கள். ஓவர்ஸ்கேன் எனப்படும் அந்த வழக்கம் இன்றைய டிவிகள் பலவற்றிலும் தொடர்கிறது. 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்' என்ற பெயரில் இருக்கும் அமைப்பை இயக்கினால் முழு வரியும் தெரியும்.

இதையெல்லாம் செய்த பிறகு, 4:3 நிகழ்ச்சிகளில் இரு ஓரமும் சுமார் 15 செ.மீ. கறுப்புப் பட்டை விழும். காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே என்று அப்பா வருந்தினார். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ராஜராஜ சோழன் 1973-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் சதுரத்தை ஒட்டிய சட்டத்தில் எடுக்கப்பட்டவை, அவற்றுக்கு அந்தப் பட்டை இருப்பதே சரி என்று சொன்னதும் சமாதானமானார். சில சேனல்கள் பழைய படத்தைத் தாங்களே இழுத்து ஒளிபரப்புகின்றன. அப்போது மட்டும் டிவியை 4:3-க்கு மாற்றினால் முகங்கள் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

கேபிள்காரர் பெட்டியை மாற்றினாலோ ரீசெட் செய்தாலோ அமைப்பு பழையபடி ஆகக்கூடும். அப்போது பெட்டி மெனுவிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.