காய்ச்சல் விட்டபின் நெஞ்சு நோ: இதயத் தசை அழற்சி பற்றிய கேள்வி பதில்

வன்னியில் பொது மருத்துவப் பிரிவில் பணிபுரியும் வைத்தியர் நான். இதயத் தசை அழற்சி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கண்டாவளை, ஒரு தாய்: மகனுக்கு 19 வயது. காய்ச்சல் விட்டு நான்கு நாளாகிறது. இப்போது நெஞ்சு நோகிறது, கிணற்றடி வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. பாமசியில் வாய்வு என்று குளிசை தந்தார்கள். யாரிடம் காட்டலாம்?

அம்மா, மீதியைப் பிறகு வாசியுங்கள். முதலில் 1990 அம்புலன்ஸை அழைத்து, மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவரே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

சளி, காய்ச்சல், வயிற்றோட்டம் தரும் வைரஸ்கள் சிலரின் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். கிருமியை அழிக்கக் கிளம்பும் உடலின் எதிர்ப்புச் சக்தி அதே தசையையும் தாக்கும். காய்ச்சல் தணிந்து சில நாளில் நோவோ இளைப்போ படபடப்போ தொடங்குவது அதனால்தான். முதலில் இ.சி.ஜி. எடுப்போம். அது சில வேளை மாரடைப்புப் போலவே தோன்றும். சில வேளை சாதாரணமாகவும் இருக்கும். ஆகவே அதை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்புவதில்லை. தசை சேதமடைந்ததா என்று இரத்தத்தில் டிரோபோனின் என்ற புரதத்தின் அளவு சொல்லும். இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்பதை எக்கோ என்ற ஸ்கேன் காட்டும். உறுதிப்படுத்த எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவோம். இதயத் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது, நிலை வேகமாக மோசமாகும் சிலருக்கே.

மயக்கம், குளிர்ந்த கைகால், தாழ்ந்த இரத்த அழுத்தம் இருந்தால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மல்லாவி, கமக்காரர்: வயலில் இறங்கிய பிறகு காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் நோ. எலிக்காய்ச்சல் என்கிறார்கள். இதயத்தையும் தாக்குமா?

தாக்கும், ஐயா. சிறுநீரகம், ஈரல் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்; இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதையும் அழுத்தம் விழுவதையும் வார்டில் பார்க்கிறோம். சிறுநீர் குறைந்தால் உடனே வாருங்கள். இதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உண்டு, தொடக்கத்திலேயே கொடுத்தால் நல்ல பலன் தரும். காலபோகத்துக்கு வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மருந்தான டொக்ஸிசைக்கிளின் பற்றிக் கேளுங்கள். வாங்கியதை அலுமாரியில் வைத்துவிடாமல் சொன்னபடி குடியுங்கள்.

பற்றைக் காட்டில் விறகு வெட்டியபின் காய்ச்சல் வந்தவர்கள் இடுப்பு, அக்குள், தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து வைத்தியரிடம் காட்டுங்கள். அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். அதுவும் இதயத்தைத் தொடும், அதற்கும் மருந்து உண்டு.

ஒட்டுசுட்டான்: நெஞ்சு நோவுக்கு டைக்ளோபெனாக் என்ற நோ மருந்து போடலாமா?

கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவு, எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகச் சேதம், இதயத் தசை அழற்சியானால் அதுவும் மோசமாகலாம். காய்ச்சலுக்குப் பனடோல், அதுவும் அளவோடு.

மன்னார், உதைபந்தாட்டப் பயிற்றுநர்: எங்கள் வீரர் ஒருவர் இந்த நோயோடு வார்டில் இருந்து, வீடு வந்து மூன்று வாரம். நன்றாக இருக்கிறார். அடுத்த மாதம் சுற்றுப்போட்டி. மெல்ல ஓட விடலாமா?

வேண்டாம். நோ போனாலும் உள்ளே அழற்சி அடங்காமல் இருக்கலாம். ஓடும்போது ஆபத்தான துடிப்புக் கோளாறு தோன்றி மைதானத்திலேயே விழலாம். நாங்கள் வழமையாகச் சொல்வது 3 முதல் 6 மாதம். பரிசோதனைகள் நன்றாக இருந்தால் சிலரை முன்னதாக விடலாம் என்று அண்மைய வழிகாட்டல்கள் கூறுகின்றன. எக்கோ, 24 மணிநேர இ.சி.ஜி. பதிவு, இயந்திரத்தில் நடக்க வைத்து இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை மூன்றையும் பார்த்து இதய வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

அதே பயிற்றுநர்: நாங்கள் காய்ச்சலோடு விளையாடி வளர்ந்தவர்கள். வியர்த்தால் நோய் போகும். படுக்க வைத்தால் பையன் சோர்ந்துவிடுவான்.

அண்ணை, காய்ச்சலோடு ஆடித் தப்பியவர்கள் பேச இருக்கிறார்கள். தப்பாதவர்கள் பேசுவதில்லை. இதயத் தசை அழற்சி தரும் வைரஸ் தொற்றிய எலிகளை நீந்த வைத்த ஆய்வுகளில், ஓய்வாக இருந்தவற்றைவிட நீந்தியவற்றின் இதயங்களே அதிகம் சேதமடைந்தன. பையனைப் படுக்கையில் கட்டிப்போடச் சொல்லவில்லை. வீட்டைச் சுற்றி நடக்கட்டும், உங்கள் பக்கத்தில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்க்கட்டும். ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. காய்ச்சல் உள்ள எந்தப் பிள்ளையையும் மைதானத்தில் இறக்காதீர்கள்.

முல்லைத்தீவு, கடற்றொழிலாளர்: விளையாட்டை விடலாம். நான் கரைவலை இழுப்பவன். எனக்கும் இதே நோய். ஆறு மாதம் வீட்டில் இருந்தால் யார் சோறு போடுவது?

உங்கள் கேள்வி என்னை வருத்துகிறது, சுலபமான பதில் இல்லை. கரைவலை இழுப்பது அந்தப் பையன் ஓடுவதைவிடக் கடினம். இடுப்புப் பட்டியைக் கயிற்றில் கொளுவி மணலில் பின்னோக்கிச் சாய்ந்து இழுக்கும்போது மூச்சை அடக்குகிறீர்கள், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. வலை திருத்துவது, மீன் தெரிவது, கணக்கு எழுதுவது செய்யலாம். கிளினிக்கில் கடிதம் கேட்டு வாங்கி வலை உரிமையாளரான சம்மாட்டியிடம் கொடுங்கள். அடுத்த எக்கோவைத் தவறவிடாதீர்கள். அது நன்றாக இருந்தால் ஓய்வுக் காலம் குறையலாம்.

புதுக்குடியிருப்பு: மாத்தளன் பக்கத்தில் ஒருவருக்கு நெஞ்சு நோ, டைக்ளோபெனாக் கொடுத்தார்கள்...

மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

செட்டிகுளம்: இந்த நோய் கொவிட் தடுப்பூசியால் வந்ததா?

பைசர், மொடேர்னா ஊசிகளுக்குப் பின், பெரும்பாலும் இரண்டாம் ஊசி போட்ட சில நாளில், இளம் ஆண்களில் அரிதாக வந்தது. பெரும்பாலானோர் குணமடைந்தார்கள். வருடங்கள் கழித்து இன்று தொடங்கிய நோவுக்கு அதைக் காரணம் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

வவுனியா: ஸ்டீரொய்டு கொடுத்தால் அழற்சி போய்விடாதா?

எல்லோருக்கும் இல்லை. சில வகைகளுக்கு மட்டும், வைத்தியரின் முடிவுப்படி.

கிளிநொச்சி, 26 வயதுப் பெண்: எக்கோவில் இதயம் பலவீனம் என்று எனலாப்ரில், கார்வெடிலோல் தந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். நிறுத்தலாமா? திருமணமும் நிச்சயமாகியிருக்கிறது.

தங்கச்சி, நன்றாக இருப்பதே அந்தக் குளிசைகளால்தான். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் எனலாப்ரில் கருவிலுள்ள பிள்ளைக்குத் தீங்கு செய்யும். ஆகவே கர்ப்பம் தரிக்குமுன் கிளினிக்கில் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள், எக்கோவையும் மறுபடி செய்யுங்கள். பிள்ளை தாங்க இதயத்துக்குப் பலம் போதுமா என்று பார்த்த பிறகே அந்த முடிவை எடுக்க வேண்டும். வருங்காலக் கணவரையும் அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.