பாடகர் குழுவுக்குப் பெரிய கிற்றார்: ட்ரெட்நோட்டா, ஜம்போவா?

மல்லாவியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். இப்போது கையில் இருப்பது சிறியது. எல்லாரும் சேர்ந்து பாடத் தொடங்கினால் அதன் சத்தம் எனக்கே கேட்பதில்லை. மைக் வசதி இல்லை. ட்ரெட்நோட், ஜம்போ இரண்டில் எதை வாங்கலாம்? நான் உயரம் குறைந்தவள். கதிரையில் இருந்துதான் வாசிப்பேன். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கி பஸ்ஸில் கொண்டுவர வேண்டும்."

ட்ரெட்நோட்டை வாங்குங்கள். ஆனால் கடையில் முதலில் எடுத்துத் தரும் ட்ரெட்நோட்டை அல்ல.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதலில் இடுப்பில், அதாவது கிற்றார் உடலின் நடுவே ஒடுங்கும் இடத்தில் தெரியும். ட்ரெட்நோட்டுக்கு இடுப்பு அவ்வளவாக ஒடுங்காது, தோள் அகலம், பெட்டி ஆழம். கீழ்ப்பக்க அகலம் ஏறக்குறைய 15⅝ அங்குலம். 1916இல் மார்ட்டின் என்ற கிற்றார்க் கம்பனி இன்னொரு கம்பனிக்காகச் செய்துகொடுத்த வடிவம் இது. 1931இலிருந்துதான் தன் பெயரிலேயே விற்றது. பெயர் மட்டும் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து வந்தது. ஜம்போவின் கீழ்ப்பக்கம் 17 அங்குலம் வரை போகும், இடுப்போ நன்றாக ஒடுங்கியிருக்கும். கிப்சன் கம்பனியின் எஸ்.ஜே.200 ஜம்போவின் படத்தைப் பார்த்திருந்தால் அந்த வடிவம் நினைவிருக்கும்.

பெரிய பெட்டி என்றால் கூடிய சத்தம் என்று நினைப்பது இயல்பு. பாதிதான் சரி. பெட்டி பெருக்கும்போது முக்கியமாகக் கூடுவது அடித்தொனி. கிற்றாரின் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். ஆண்களின் குரலும் ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது. சீமெந்துச் சுவரும் தகரக் கூரையுமான மண்டபத்தில் அந்த அடித்தொனி குரல்களோடு கலந்து ஒரே இரைச்சலாகிவிடும். குழுவுக்குத் தாளமும் சுருதியும் கேட்க வேண்டுமென்றால் மெல்லிய கம்பிகள் தெளிவாக வெளியே வர வேண்டும். ஜம்போவில் தொனி எல்லாக் கம்பியிலும் ஓரளவு சமமாக விழும், அது அதன் அழகு. ஆனால் அந்தப் பெரிய முகப்பலகையை அசைக்கக் கை பலமாக அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் கடனே என்றுதான் ஒலிக்கும். அத்தோடு உயரம் குறைந்தவர் இருந்து வாசிக்கும்போது வலது தோள் மேலே தூக்கிக்கொள்ளும். ஒரு திருப்பலி முடிவதற்குள் கை உளையும்.

ட்ரெட்நோட் மடியில் சிரமமாக இருந்தால், கீழ்ப்பக்கம் 16 அங்குலம் அளவில், இடுப்பு ஒடுங்கிய கிராண்ட் ஓடிட்டோரியம் வடிவத்தையும் கேட்டுப் பாருங்கள். டெய்லர் கம்பனி 1994இல் கொண்டுவந்தது. இப்போது மலிவான கம்பனிகளும் அதைப் பார்த்துச் செய்கின்றன.

முகப்பலகை முழுப் பலகையா, ஒட்டுப்பலகையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நடுத்துளையின் விளிம்பைக் கவனியுங்கள். மேலே தெரியும் மரக் கோடுகள் விளிம்பின் தடிப்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது முழுப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு. யமஹாவில் எஃப்.ஜி.800 முழு ஸ்ப்ரூஸ் மர முகப்பு, எஃப்.310 ஒட்டு முகப்பு. முழுப் பலகை நன்றாகப் பேசும், வாசிக்க வாசிக்கத் தொனி திறக்கும் என்பார்கள். எஃப்.310ஐயும் தள்ளிவிடாதீர்கள். அதன் கம்பி நீளம் 634 மில்லிமீற்றர், மற்றதற்கு 650. அதே கம்பியைப் போட்டால் இழுவிசை சற்றுக் குறையும், சிறிய கைக்கு இதம். பின்பலகையும் பக்கமும் ஒட்டாக இருந்தாலும் கவலை வேண்டாம்.

நம் பக்கத்துக் காலநிலையையும் கணக்கில் எடுங்கள். வாடையோடு மழை வரும் ஐப்பசி, கார்த்திகையில் முழுப் பலகை ஈரம் குடித்து மேலெழும், கம்பி உயர்ந்து அழுத்தக் கடினமாகும். சோளகம் வீசும் காய்ந்த மாதங்களில் பலகை சுருங்கி, கம்பி தாழ்ந்து, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடான ஃப்ரெட்டில் உரசும், சிலவேளை வெடிப்பும் விழும். மார்ட்டின் சொல்லும் ஈரப்பதம் 45 முதல் 55 வீதம். அதை நம் வீட்டில் பிடித்து வைக்க முடியாது, கிற்றாரை உறைப்பெட்டியில் மூடி வைத்தால் ஏற்றத்தாழ்வு குறையும். தகரக் கூரையின் கீழ், உச்சி வெயிலில் மட்டும் வைக்கவே வேண்டாம். சூட்டில் பசை இளகி, கம்பி பிணைத்திருக்கும் பிரிட்ஜ் கிளம்பும்.

கடையில் நீங்கள் வாசிப்பதோடு நிறுத்தாதீர்கள். கூட வந்தவரை வாசிக்கச் சொல்லி எதிரே பத்தடி தள்ளி நில்லுங்கள். மடியில் வைத்துக் கேட்பது வேறு, முன்னால் நின்று கேட்பது வேறு. பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை ஒரு அடிமட்டத்தால் பாருங்கள். தடித்த கம்பிக்கு 2.5 மில்லிமீற்றர் அளவு நல்லது, 3ஐத் தாண்டினால் விரல் நோகும். பிரிட்ஜில் கம்பி படுத்திருக்கும் வெள்ளைத் துண்டை ஒரு மில்லிமீற்றர் தேய்த்தால் 12ஆம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீற்றர் குறையும். ஆனால் உயரம் அதிகமாக இருந்தும் அந்தத் துண்டு ஏற்கெனவே கட்டையாகத் தேய்ந்திருந்தால் கழுத்து சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

பை விஷயம்: சாதாரணப் பைகள் ட்ரெட்நோட் அளவுக்குத்தான் தைக்கப்படுகின்றன, ஜம்போ அவற்றில் நுழையாது. ஏ9 வீதி பஸ்ஸில் சாமான் தட்டில் போடாமல் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 12க்குப் பதில் அதைவிட மெல்லிய 11 அளவுக் கம்பியும் ஒரு செட் வாங்கி வந்தால், விரல் பழகும் வரை அதைப் போட்டு வாசிக்கலாம்.