பாட்டு நின்னாலும் பையன் நிக்கலைன்னா

அல்சூர் அம்மாவுக்கு வணக்கம். பாட்டு ஓடினா நடக்கணும், நின்னா நிக்கணும்கிற விளையாட்டுல, டவுன் சிண்ட்ரோம் உள்ள உங்க 9 வயசுப் பையன் பாட்டு நின்ன பிறகும் நடந்துக்கிட்டே இருக்கான், சொன்னாக் கேக்கலைன்னு எழுதியிருந்தீங்க. அது பிடிவாதம் இல்லை. நடந்துக்கிட்டிருக்கிற உடம்பைச் சட்டுனு நிறுத்துறது இந்தப் பிள்ளைங்களுக்கு உண்மையிலேயே கஷ்டம்.

முதல்ல மொபைல் பாட்டை விடுங்க; அது அவனுக்காகக் காத்திருக்காது. ஒரு ஸ்டீல் டப்பாவைக் கவுத்து, மரக்கரண்டியால அவன் நடக்கிற வேகத்துக்கே தட்டுங்க. அவன் கால் தரையில படும்போது சத்தம் வரணும். 3, 4 நாளைக்கு இவ்வளவுதான். பிறகு 8 தட்டுக்கு ஒரு நிறுத்தம்: ஏழாவது தட்டு முடிஞ்சதுமே கரண்டியை அவன் கண்ணுல படுற மாதிரி உயரத் தூக்கி, எட்டாவதைத் தட்டிட்டு நிறுத்துங்க. நிக்க வேண்டிய இடத்துல வழுக்காத பாய் ஒண்ணு போடுங்க. (கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுறதும் குறையும்.)

பலரும் சறுக்குறது எங்கேன்னா, வாயால "நில்லு, நில்லு"ன்னு கத்துறதுல. அப்புறம் அவன் தாளத்தைக் கேக்க மாட்டான், உங்க குரலுக்குத்தான் காத்திருப்பான். ஒரு தடவைக்கு 10 நிமிஷம் போதும்.

விளையாட்டுல குட்டிக்கரணம் மட்டும் வேண்டவே வேண்டாம். இவங்களுக்குக் கழுத்து மூட்டு தளர்வா இருக்கலாம். குதிக்க வைக்கிறதுக்கு முன்னாடியும் டாக்டரைக் கேட்டுக்குங்க. காது கேக்குற திறனையும் ஒரு தடவை பார்த்துடுங்க.